பல்லேடியம் குளோரைடு: கடைக்கு வருபவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கெமிக்கல் கடை வைத்திருக்கிறேன். கொலுசுப் பட்டறைகளுக்கு நைட்ரிக்கும் வெங்காரமும், முலாம் போடுகிறவர்களுக்கு நிக்கல் உப்பு, கல்லூரி ஆய்வகங்களுக்கு அவர்கள் எழுதித் தரும் பட்டியல். இதுதான் வியாபாரம். கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய அலமாரியில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகள் வருஷக்கணக்காக மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"அண்ணா, அந்தச் சின்ன பாட்டில்ல என்ன? ஏற்காட்டுக் காப்பித்தூளாட்டம் இருக்குது?"

காப்பித்தூளை விடக் கொஞ்சம் செம்மை ஏறிய பழுப்பு. பெயர் பல்லேடியம் குளோரைடு. பல்லேடியம் என்ற உலோகமும் குளோரினும் சேர்ந்தது. பல்லேடியம் பிளாட்டினத்தின் குடும்பம். பார்வைக்கு வெள்ளி மாதிரி, விலையில் வெள்ளி கிட்டேயே நிற்க முடியாது. புளோரின், குளோரின், புரோமின், அயோடின் இந்த நாலில் எதனோடு ஓர் உலோகம் சேர்ந்தாலும் அதற்கு ஹாலைடு என்று பொதுப்பெயர்.

உலோகத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன், 1802இல். அதே ஆண்டு வானத்தில் கண்ட பல்லாஸ் என்ற சிறுகோளின் பெயரை வைத்தார். ஆனால் தான் கண்டுபிடித்ததாக வெளியே சொல்லவில்லை. 1803இல் லண்டனில் ஒரு கடையில் பெயர் போடாத ஒரு துண்டுச்சீட்டோடு 'புது வெள்ளி' என்று விற்பனைக்கு வைத்துவிட்டார். இது பாதரசம் கலந்த பிளாட்டினம்தான், புது உலோகமே இல்லை என்று ஒரு வேதியியலர் அடித்துப் பேசினார். எங்கள் பேட்டையில் யாராவது 'புது வெள்ளி' என்று கொண்டுவந்து வைத்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

"லிஸ்ட்ல 'செராமிக் காம்பவுண்ட்'னு போட்டிருக்குதுங்களே, அப்போ இது பீங்கானா?"

பீங்கான் இல்லை. பொருள் விற்கும் பெரிய கம்பெனிகள் தங்கள் பட்டியலில் உலோகம் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், மீதி இருக்கிற கனிம உப்புகளையெல்லாம் செராமிக் என்று இன்னொரு பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஓர் அலமாரிக்கு ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான்.

சேலத்துக்காரருக்கு நிஜ செராமிக்கை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டால் வரும் மக்னீசியா 2800 டிகிரி வரைக்கும் உருகாது. அதனால்தான் உருக்காலை உலைக்கு உள்பூச்சுச் செங்கல் ஆகிறது. பல்லேடியம் குளோரைடு 680 டிகிரி வாக்கிலேயே உருகிச் சிதைய ஆரம்பித்து, குளோரினைக் கழற்றிவிட்டு வெறும் உலோகமாகிவிடும். இதைச் செங்கல்லாக்கினால் உலையே மிஞ்சாது. செராமிக்கோடு இதற்கு உறவு உண்டு, ஆனால் அது மேலே பூசிக்கொள்ளும் உறவு. பிளேட்டிங் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"ஒரு கிராம் வாங்குனா ஒரு கிராம் பல்லேடியம் வந்துருமா?"

வராது. நீரில்லாத குளோரைடில் எடைக்கு 60 விழுக்காடுதான் உலோகம், மீதி குளோரின். ஆக ஒரு கிராமில் 600 மில்லிகிராம். நீர் சேர்ந்த வகை என்றால் ஏறக்குறைய பாதி. சோடியத்தோடு சேர்த்த டெட்ராகுளோரோபல்லடேட் என்றால் 36 விழுக்காடு.

கொலுசு வாங்கும்போது டச், அதாவது வெள்ளியின் சுத்தம் எவ்வளவு என்று கேட்காமல் யாராவது வாங்குவார்களா? இதற்கும் அப்படித்தான். பாட்டில் எடையைப் பார்க்காதீர்கள், சீட்டில் பல்லேடியம் விழுக்காடு எவ்வளவு என்று பாருங்கள். 'மலிவு' என்று ஒருவர் தந்ததை வாங்கி வந்து என்னிடம் காட்டினவர்கள் இருவர். இரண்டுமே நீர் சேர்ந்த சரக்கு. உலோகக் கணக்குப் போட்டால் மலிவும் இல்லை ஒன்றும் இல்லை.

"புரோமைடு, அயோடைடு, புளூரைடுனும் இருக்குதாமே, எதை வாங்கறது?"

பயன் தெரியாமல் கேட்டால் என் பதில் குளோரைடு. புரோமைடில் உலோகம் 40 விழுக்காடு, அயோடைடில் 30கூட முழுசாக இல்லை. கனமான புரோமினும் அயோடினும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட வினைக்கு அதுதான் வேண்டும் என்று தெரிந்து கேட்கிற ஆராய்ச்சி மாணவர்கள்தான் அவற்றை வாங்குகிறார்கள்.

அயோடைடு கன்னங்கறுப்பு, தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோ கரையாது. அந்தக் குணமே ஒரு சோதனை. ஒரு கரைசலில் குளோரைடு இருக்கிறதா, அயோடைடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு பல்லேடியம் கரைசல் விட்டால் போதும். அயோடைடு இருந்தால் மை கொட்டினது மாதிரி கறுப்பு இறங்கும்.

புளூரைடு வேறு ஜாதி. மற்ற மூன்றையும் காந்தம் கண்டுகொள்ளாது, இதைக் கொஞ்சம் இழுக்கும். மூன்று புளூரின் உள்ளது என்று நெடுநாள் நினைத்திருந்த பொருளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பாதிப் பல்லேடியம் ஒரு நிலையிலும் பாதி வேறு நிலையிலும் இருக்கிறது. ஈரம் பட்டால் கெட்டுப்போகிற புளூரைடும் உண்டு. நான் வாங்கி வைப்பதில்லை.

"தண்ணியில போட்டு அரை மணி நேரம் கலக்கிட்டேன், கரையவே மாட்டேங்குது. டூப்ளிகேட்டா?"

சரக்கு நல்ல சரக்குதான். இந்தக் கேள்விக்குக் கொலுசை வைத்துத்தான் பதில் சொல்வேன். பல்லேடியம் குளோரைடு தனித்தனி மணியாக இல்லை, சங்கிலியாக இருக்கிறது. ஒவ்வொரு பல்லேடியத்தைச் சுற்றியும் நாலு குளோரின் சதுரமாக நிற்கும். ஒவ்வொரு குளோரினும் இந்தப் பக்கம் ஒரு பல்லேடியத்தையும் அந்தப் பக்கம் ஒன்றையும் பிடித்திருக்கும். கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்த மாதிரி. தண்ணீரால் அந்தக் கண்ணியைத் திறக்க முடியாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். வெளியிலிருந்து குளோரைடு தாராளமாக வந்ததும், பகிர்ந்து பிடிக்க வேண்டிய அவசியம் போய்விடும். ஒவ்வொரு பல்லேடியமும் சொந்தமாக நாலு குளோரைடை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து கரைந்துவிடும். கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் சீக்கிரம். கரைசல் தேன் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டும். பிறகு தண்ணீரை மட்டும் விட்டு ஒரேயடியாக நீர்த்துவிடாதீர்கள். அமிலம் குறைந்தால் கலங்கி, பழுப்புச் சகதி அடியில் உட்காரும். நீர்க்கிற தண்ணீரிலும் அமிலம் இருக்கட்டும்.

இன்னொன்று. ஒரு பட்டறைப் பையன் இதை ஸ்டீல் ஸ்பூனால் கலக்கிவிட்டு, "ஸ்பூன் கறுத்துப்போச்சு, என்ன ஆசிட்டுண்ணா இது" என்று கொண்டுவந்தான். முனையிலிருந்து பாதி வரை வெல்வெட் மாதிரி ஒரு கறுப்பு, விரலால் தொட்டால் கையில் ஒட்டியது. ஆசிட் அரித்த கறுப்பில்லை, அவன் காசு கொடுத்து வாங்கிய பல்லேடியமே ஸ்பூனில் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் குச்சி போதும்.

"சரிங்க, இதை வெச்சு உண்மையில என்னதான் பண்றாங்க?"

அந்த ஸ்பூனை நினைவில் வையுங்கள். தன்னிடம் உள்ள உலோகத்தை இந்த உப்பு லேசில் விட்டுக்கொடுத்துவிடும். இரும்பு கேட்டாலும் கொடுக்கும், வெள்ளீயம் கேட்டாலும் கொடுக்கும், கரிப்புகை கேட்டாலும் கொடுக்கும். இதன் பயன்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

பெரிய ஆலைக் கதை வாக்கர் முறை. எத்திலீன் வாயுவை அசிட்டால்டிஹைடாக மாற்றுவது. 1950களின் கடைசியில் ஜெர்மனியில் உருவாக்கினார்கள். பல்லேடியம் குளோரைடு எத்திலீனை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் உலோகமாக விழுந்துவிடும். அது 1894இலேயே தெரிந்த விஷயம். ஒரு தடவை வேலை செய்துவிட்டு விழுந்துவிடுகிற விலை உயர்ந்த பொருளை வைத்து யார் ஆலை நடத்துவார்கள்? பக்கத்தில் செம்புக் குளோரைடை நிறுத்தினார்கள். செம்பு பல்லேடியத்தை மறுபடி உப்பாக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை மறுபடி நிமிர்த்தும். பல்லேடியம் வாங்கின கைமாற்றைச் செம்பு அடைக்கிறது, செம்பின் கடனைக் காற்று அடைக்கிறது. கடைசியில் செலவானது காற்றும் எத்திலீனும்தான்.

மருந்து தயாரிப்பில் இரண்டு கார்பன்களை இணைக்கப் பல்லேடியம் வினையூக்கி வேண்டும். அந்த வேலைக்காக ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி, அகிரா சுசூகி மூவருக்கும் 2010இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்படிப்பட்ட வினையூக்கிகள் பலவற்றுக்கு ஆரம்பச் சரக்கு இந்தக் காப்பித்தூள்.

"பிளாஸ்டிக் பித்தானுக்கு நிக்கல் ஏத்தணும். கரன்டே போகாத சாமான்ல எப்படி ஏறும்?"

என்னிடம் இந்த பாட்டில் விற்பதே பெரும்பாலும் இதற்குத்தான். பிளாஸ்டிக், கண்ணாடி, பீங்கான் எதுவானாலும் முறை ஒன்றுதான். முதலில் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு வெள்ளீயக் குளோரைடில் ஒரு முக்கு, கழுவு, பல்லேடியம் குளோரைடில் ஒரு முக்கு. சாமானில் ஒட்டியிருக்கும் வெள்ளீயம், நான் மேலே சொன்ன மாதிரி, பல்லேடியத்தை உலோகமாக இறக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்னப் புள்ளிகள், வெள்ளைச் சாமான் என்றால் லேசான டீக்கறை மாதிரி. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் விதை. கரன்ட் இல்லாமல் இறங்கும் நிக்கல் தொட்டியில் போட்டால் விதையிலிருந்து நிக்கல் முளைத்துப் பரவும். தோல் முழுசாக மூடியதும் வழக்கமான கரன்ட் தொட்டிக்கு அனுப்பலாம்.

லிட்டருக்குக் கால் கிராம் போட்டாலே போதும். அதாவது ஒரு கிராமில் நாலு லிட்டர். அதிகம் போட்டால் நல்லா ஏறும் என்று கைநிறையப் போடாதீர்கள்.

தவறு நடக்கிற இடம் கழுவும் இடம். பல்லேடியம் தொட்டியிலிருந்து எடுத்த சாமானை அரைகுறையாக அலசி நிக்கல் தொட்டியில் போட்டால், ஒட்டிவந்த பல்லேடியம் தொட்டிக்குள்ளேயே விதையாகிவிடும். நிக்கல் சாமானில் ஏறாமல் தொட்டிச் சுவரிலும் அடியிலும் ஏறும். தொட்டி நுரைத்துப் பொங்கிக் கறுத்துப்போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சாயங்காலத்தில் முழுத் தொட்டியையும் இப்படி இழந்தார். இரண்டு அலசல் தொட்டி வையுங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. கூடவே ஒரு வார்த்தை: ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கப் பயன்படும் குரோமிக் அமிலம் இந்த வரிசையிலேயே பெரிய விஷம். எல்லோரும் பல்லேடியத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

"பட்டறையில கரி அடுப்பு. தலைவலி வருது. இந்தக் கரைசல் தடவின காகிதம் விஷவாயுவைக் காட்டுமாமே?"

காட்டும். கரி சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. பல்லேடியம் குளோரைடு தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை அந்த வாயுவோடு சேர்த்து, அதைக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிட்டுத் தான் கறுப்பு உலோகமாகிவிடும். அதனால் காகிதம் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்திருந்தால் ஏமாற்றும்.

ஒரு ஐப்பசி மழை நாளில், ஜன்னல் சாத்தியிருந்த ஒரு பட்டறையில் நானே செய்து காட்டினேன். வடிதாளில் நீர்த்த கரைசலில் ஒரு கோடு இழுத்து, அடுப்புக்கு இரண்டடி மேலே ஆணியில் மாட்டினோம். டீ வாங்கப் போன பையன் திரும்பி வருவதற்குள் மஞ்சள் கோட்டின் ஓரம் சாம்பல் பூத்து, பிறகு பென்சில் கோடு மாதிரி ஆனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

ஆனால் இதைக் காவலுக்கு நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு பட்டாலும் கறுக்கும், எத்திலீன், ஹைட்ரஜன் பட்டாலும் கறுக்கும். தூங்குகிறவனை எழுப்பாது. அதற்குச் சத்தம் போடும் அலாரம் கருவி கடையில் கிடைக்கிறது. தலைவலி வந்த நாளில் காகிதம் தேடாமல் முதலில் வெளியே வாருங்கள்.

"எத்திலீன்னா மாங்கா பழுக்க வைக்கிற வாயுதானே? அப்போ மாம்பழ மண்டியிலயும் இது வேலை செய்யுமா?"

கேட்டவர் மாம்பழ வியாபாரி. சேலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! ஆமாம், அதே எத்திலீன்தான். மல்கோவா கூடையில் ஒரு பழம் கனிந்தால் மற்றவையும் கனிவது அதனால். கரியின் மேல் பல்லேடியம் குளோரைடு ஏற்றிய பொட்டலமும், சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தில் பல்லேடியம் ஏற்றிய பொருளும் எத்திலீனைப் பிடித்துவைத்துப் பழுப்பதைத் தள்ளிப்போடும். வாக்கர் முறையில் ஆலைக்குள் நடப்பதன் தம்பி இது. ஆனால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலமும் இதே வேலையைச் செய்கிறது, விலை எங்கேயோ கீழே. மண்டிக்கு அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

"வெள்ளிக் கொலுசை இதுல முக்கி எடுத்தா கறுக்காம இருக்குமா?"

முக்கினால் அப்போதே கறுக்கும். அந்த ஸ்டீல் ஸ்பூன் செய்ததையே வெள்ளியும் செய்யும்: பல்லேடியத்தை இறக்கிக்கொண்டு தான் வெள்ளிக் குளோரைடாகும். மேலே பிடிப்பில்லாத கறுப்பு, அடியில் வெளிறிய படலம். பாலிஷ் போட்டுச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும்.

முறையாகப் பல்லேடியம் முலாம் போடலாம். அதற்கு அம்மோனியா சேர்ந்த பல்லேடியம் குளோரைடு தொட்டியும் கரன்டும் வேண்டும். மெல்லிய படலமே கந்தகக் காற்றிலிருந்து வெள்ளியைக் காக்கும். ஆனால் வெள்ளியின் பளிச்சென்ற வெள்ளை போய் ஒரு சாம்பல் சாயல் வந்துவிடும், வெள்ளிக்கு மேலே வழக்கமாகப் பூசும் ரோடியம் அதைவிட வெளுப்பு. கொலுசு வாங்கும் பெண்கள் வெளுப்பைத்தான் பார்க்கிறார்கள்.

"பழைய ரிலே பாயின்ட், காண்டாக்ட் எல்லாம் உருக்குக்கு வருது. அதுல பல்லேடியம் இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பழைய தொலைபேசி ரிலேக்களின் முனைகளில் வெள்ளி-பல்லேடியம் கலவை போட்டிருக்கிறார்கள். தனிம அட்டவணையில் இரண்டும் பக்கத்து வீடு, பல்லேடியம் 46, வெள்ளி 47. நைட்ரிக்கில் வெள்ளி நிறமில்லாமல் கரையும். பல்லேடியம் இருந்தால் பழுப்புச் சாயல் வரும். ஆனால் செம்பு இருந்தால் அதன் நீலப்பச்சை எல்லாவற்றையும் மறைத்துவிடும், ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சமையல் உப்பு போட்டு வெள்ளியைத் தயிர் மாதிரி இறக்கி வடிகட்டுங்கள். வெள்ளி தாளில் நிற்கும், பல்லேடியம் தெளிந்த நீரோடு கீழே போகும். பலரும் சாக்கடையில் ஊற்றுவது அந்த நீரைத்தான். அதில் ஒரு சொட்டை எடுத்து, டைமெத்தில்கிளையாக்சைம் என்ற ஆய்வகச் சோதனைப் பொருளின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். அமிலத்திலேயே மஞ்சளாகத் திரிந்தால் பல்லேடியம். நிக்கல் அமிலத்தில் திரியாது, அம்மோனியா விட்டால்தான் சிவப்பாகத் திரியும். குழப்பமே வராது.

"கார் சைலன்சர் தேன்கூட்டுல இருக்கறது இதேதானா?"

இல்லை. அந்தத் தேன்கூடு நிஜ செராமிக், கார்டியரைட். அதன்மேல் அலுமினாப் பூச்சு, பூச்சுக்குள் பல்லேடியம், பிளாட்டினம், ரோடியம் பொடியாக. அலுமினா வேறெங்கோ உள்ள பொருள் இல்லை. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட்டில் இருப்பதும் அதுதான். சைலன்சருக்குள் உலோகம் உலோகமாகவும் ஆக்சைடாகவும் இருக்கும், ஹாலைடாக இருக்காது. மீட்டெடுக்கும்போது அமிலத்திலும் குளோரினிலும் கரைத்துக் குளோரைடு ஆக்குகிறார்கள். வீட்டு மாடியில் செய்கிற வேலை இல்லை. ரசீது இல்லாத சைலன்சரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வராதீர்கள்.

"நம்ம மலையிலயே கிடைக்காதா?"

சேலம் வெள்ளைக்கல்லில் கிடையாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில், 1997க்கு முன் அதுவும் சேலம் மாவட்டம்தான், குரோமைட் பாறைகளில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் இருப்பதை நிலவியல்காரர்கள் கண்டிருக்கிறார்கள். கண்டது வேறு, வெட்டுவது வேறு. உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ரஷ்யாவும் தென்னாப்பிரிக்காவும் தருகின்றன. அங்கே ஏதாவது ஆனால் இங்கே என் பாட்டில் விலை அன்றைக்கே மாறும்.

"தங்கபற்பம் மாதிரி இதுலயும் மருந்து உண்டுங்களா?"

ஒரு காலத்தில் காசநோய்க்கு நாளுக்கு 65 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஓய்ந்துபோன பழங்கதை. இன்றைக்கு யாரும் உள்ளே சாப்பிடும் பொருள் இல்லை. கைபட்டால் பழுப்புக் கறை நாலைந்து நாள் போகாது. கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், பிறகு மருத்துவர். நிக்கல் தோடு போட்டால் காது அரிக்கிறவர்களில் பலருக்குப் பல்லேடியமும் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் கையுறை இல்லாமல் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

"வேலை முடிஞ்ச கரைசலை என்ன பண்றது? திருமணிமுத்தாத்துல விட்டா கேக்கறதுக்கு ஆளில்லைங்களே?"

ஆற்றுக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது. அதை விடுங்கள், நீங்கள் ஊற்றுவது காசு. லிட்டருக்குக் கால் கிராம் என்றேன். அதில் உலோகம் 150 மில்லிகிராம். பயன்படுத்திய கரைசலையும் முதல் அலசல் நீரையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வாருங்கள். கேன் நிறைந்ததும் துத்தநாகத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் கறுப்புப் பொடியாக இறங்கிவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மேலே நிற்கும் நீரில் வெள்ளீயமும் துத்தநாகமும் இருப்பதால் அதையும் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பொடியை வெயிலில் காயவைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றிக் கழுவாதீர்கள். காய்ந்த பல்லேடியம் கறுப்பில் ஸ்பிரிட் ஆவி பட்டால் தானே பற்றிக்கொள்ளும். மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி பாட்டிலில் மூடி, தேதி எழுதி எடுத்து வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சுத்திகரிப்பவரிடம் ஆள் போகும். அதற்கு முன்னால் வந்தால் சேர்த்து அனுப்பிவிடுவேன்.